பைசா கோபுரத்துக்கு 20 யூரோ கொடுக்கலாமா?

இத்தாலியின் பைசா நகர ரயில் நிலையத்திலிருந்து அந்தச் சாய்ந்த கோபுரம் வரை அரை மணி நேரத்துக்குள் நடந்தே போய்விடலாம் என்பது தெரியாமல் டாக்சியில் ஏறியதற்குத் தண்டமாக 25 யூரோ அழுதேன். பைக்குத் தனி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி என்று ஓட்டுநர் அடுக்கிய கணக்கில், கோபுரம் ஏறுவதற்கான 20 யூரோவையே வண்டிச்செலவு மிஞ்சிவிட்டது. பைசா என்ற ஊரில் பைசாவை எண்ணாமல் விட்ட எரிச்சலோடுதான் வரிசையில் நின்றேன்.

புல்வெளியில் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அதோடு திரும்பிவிட்டார்கள். இந்தச் சாய்வு கண்ணைவிடக் காலுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால், அவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள் என்பேன். சுவரின் பருமனுக்குள்ளேயே சுற்றிச் செல்லும் படிக்கட்டில் ஓரிடத்தில் உடம்பு வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. அரைச்சுற்று கழிந்ததும் உட்சுவர் இழுக்கிறது. பளிங்குப் படிகளின் தேய்மானமும் அதற்கேற்ப இங்கே இடப்பக்கக் குழியாகவும் அங்கே வலப்பக்கக் குழியாகவும் இடம் மாறிக்கொண்டே போகிறது.

1173-இல் தொடங்கிய கட்டுமானம் மூன்றாம் தளத்தை எட்டியபோதே, வெறும் 3 மீட்டர் ஆழ அஸ்திவாரத்துக்குக் கீழிருந்த இளகிய களிமண் அமுங்கத் தொடங்கிவிட்டது. போர்களால் வேலை ஏறத்தாழ நூறாண்டு நின்றுபோனதுதான் கோபுரத்துக்கு வாய்த்த நல்லூழ். அந்த இடைவெளியில் மண் இறுகியிராவிட்டால் அது அப்போதே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு. 1272-இல் வேலையைத் தொடர்ந்தவர்கள் மேல்தளங்களைச் செங்குத்தாக்க எண்ணி, தாழ்ந்த பக்கத்தை உயர்த்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு வாழைக்காய்போல் லேசாக வளைந்தும் நிற்கிறது.

எனக்குக் கோபம் வந்தது பிற்காலத்துப் 'பழுதுபார்ப்புகள்' மீதுதான். புதைந்துபோன அடிப்பகுதி தெரியட்டும் என்று 1838-இல் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள், சாய்வு கூடியது. முசோலினி காலத்தில், 1934-இல், அஸ்திவாரத்துக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள், மீண்டும் கூடியது. 1989-இல் பாவியா நகரக் கோபுரம் இடிந்து நான்கு பேர் இறந்த பிறகு, 1990 ஜனவரியில் இதை மூடினார்கள். வடக்கே ஈயக் கட்டிகளை அடுக்கிப் பார்த்தபின் கடைசியில் கைகொடுத்த வழி, மேடேறி நின்ற அந்த வடபக்கத்து அடிமண்ணைச் சரிவான துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. எடுத்தது 38 கனமீட்டர்தான்; சுமார் 14,500 டன் எடையுள்ள கோபுரம் தானே பின்வாங்கி உட்கார, உச்சி ஏறத்தாழ 45 செ.மீ. நிமிர்ந்தது. மிச்சமிருந்த ஏறத்தாழ 4 பாகைச் சாய்வில் கைவைக்காமல், 2001 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். அங்கே நிறுத்தத் தெரிந்ததற்கே 20 யூரோ தகும்.

எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பைகளை வெளியே இலவசப் பெட்டகத்தில் வைத்தாக வேண்டும். திரும்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன்: 25 நிமிடம்.