48 இலக்கங்கள்

ஜூன் 3

கணினியின் பொத்தானை அழுத்தினால் விசிறி அரை நொடி சுழன்று நின்றுவிடுகிறது. திரையில் எதுவும் வரவில்லை, பீப் ஒலியும் இல்லை. அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அசைவதில்லை. பின்புறச் சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டுவைத்தால் மறுபடியும் அதே அரை நொடி மட்டும் கிடைக்கிறது.

ஜூன் 4

பெட்டியைத் திறந்தேன். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் வடியட்டும் என்று அதன் உலோகச் சட்டத்தை முதலில் தொட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டையும் ராம்களையும் கழற்றி வைத்தேன். முன்புறப் பொத்தானின் கம்பியை எடுத்துவிட்டு, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் இணைத்துப் பார்த்தேன். பொத்தான் மேல் பழி இல்லை. அதே அரை நொடிதான்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 ஊசி இணைப்பைப் பிடுங்கி, பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தபோது அது நிற்காமல் ஓடியது. 1995-இல் ஏடிஎக்ஸ் முறை வந்தபின் பொத்தான் மின்சாரத்தை நேராக வெட்டவோ ஒட்டவோ செய்வதில்லை. மதர்போர்டு அந்தப் பச்சைக் கம்பியின் வழியாகக் கேட்டால்தான் எஸ்எம்பிஎஸ் விழிக்கும். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் அனுமதிக்கப்பட்ட 5 விழுக்காட்டு வரம்புக்குள் இருந்தன. சுமையில்லாமல் எடுத்த அளவு என்பதால் அதை முழுமையாக நம்பாமல், இரவல் வாங்கிய வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் அரை நொடியில் கைவிரித்தது. ஆகவே எஸ்எம்பிஎஸ் கெட்டிருக்கவில்லை. ஏதோ ஒன்றுக்கு அஞ்சித் தன்னை அணைத்துக்கொள்கிறது.

ஜூன் 5

இயந்திரம் போனால் போகட்டும், கோப்புகளையாவது எடுத்துக்கொள்வோம் என்று அவை இருக்கும் எஸ்எஸ்டி வட்டைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக மடிக்கணினியில் இணைத்தேன். பிட்லாக்கர் பூட்டு; விண்டோஸ் வட்டு முழுவதையும் மறையாக்கிப் பூட்டும் முறை. மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் கேட்கிறது.

அண்ணன் அமைத்த கணினி. அவனிடம் கேட்க முடியாது.

ஜூன் 6

அவனுடைய நோட்டுகள் முழுவதிலும் எண்கள் இருக்கின்றன. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் எங்கும் இல்லை.

ஜூன் 8

எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: மதர்போர்டை மாற்று. நியாயமான யோசனைதான், மற்ற எவருக்கும். இந்த வட்டு இதுவரை ஒருமுறைகூட அந்த 48 இலக்கங்களைக் கேட்டதில்லை என்றால், கணினி விழிக்கும்போதெல்லாம் சாவியைக் காத்துவைக்கும் பாதுகாப்புப் பகுதியான டிபிஎம் தானே அதைக் கொடுத்துவந்தது என்று பொருள். இந்தக் கணினியில் டிபிஎம் தனிச் சிப்பாக இல்லை. அது பிராசசருக்குள் இயங்குகிறது; அதன் பதிவு, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் மதர்போர்டின் பயாஸ் சிப்பில், அந்த ஒரு பிராசசர் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டுக் கிடக்கிறது. புதிய மதர்போர்டில் இந்தப் பிராசசரைப் பொருத்தினால் பதிவு இல்லை; புதிய பிராசசரை இந்த மதர்போர்டில் பொருத்தினால் பதிவைப் படிக்க ஆளில்லை. இரண்டும் சேர்ந்து, இதே பலகையில் உயிர் பெற்றாக வேண்டும்.

பட்டன் பேட்டரியைக் கழற்றி பயாஸ் அமைப்புகளை அழித்துப் பார் என்று ஒருவர் வற்புறுத்துகிறார். மாட்டேன். தொடக்க அமைப்புகள் மாறியிருந்தால், எல்லாம் சரியாக இயங்கினாலும் டிபிஎம் சாவியைத் தர மறுத்து, மறுபடி அந்த 48 இலக்கங்களிலேயே கொண்டுபோய் நிறுத்தலாம். இலவச ஆலோசனைகளில் தொண்ணூறு விழுக்காடு, இழக்க எதுவும் இல்லாதவர்களுக்காகவே உருவானவை என்று தோன்றுகிறது.

ஜூன் 9

பிராசசருக்கு மின்சாரம் கொண்டுபோகும் 8 ஊசி இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு இயக்கினேன். விசிறி நிற்கவில்லை! ஓடிக்கொண்டே இருந்தது. திரை வராதுதான், பிராசசருக்கு உணவில்லை. ஆனாலும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

இணைப்பைத் திரும்பச் செருகினால், அரை நொடி.

ஜூன் 10

மின்சாரத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, மதர்போர்டின் 8 ஊசிச் செருகியில் 12 வோல்ட் ஊசிக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். ஓர் ஓம் அளவுதான் காட்டியது. ஷார்ட் என்றே சொல்லலாம். பிராசசரைக் கழற்றிவிட்டு அளந்தால் ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறிவிட்டது. 12 வோல்ட் ஊசிக்கும் பிராசசரைச் சுற்றியுள்ள சோக்குகள் என்னும் கம்பிச் சுருள்களுக்கும் இடையே ஏறத்தாழப் பூச்சியம்.

இதன் பொருளை நேற்று இரவே ஊகித்திருந்தேன், எழுத மனம் வரவில்லை. 12 வோல்ட்டைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடி, பிராசசருக்கு வேண்டிய ஏறக்குறைய 1 வோல்ட்டாகக் குறைப்பவை மாஸ்ஃபெட்கள். அவற்றில் மேல்பக்கத்து ஒன்று மூட முடியாமல் திறந்தபடியே எரிந்துபோயிருக்கிறது. மதகு உடைந்த ஏரி போல 12 வோல்ட் முழுவதும் பிராசசரை நோக்கி நேராகப் பாய வழி திறந்துவிட்டது. அதைக் கண்டுதான் எஸ்எம்பிஎஸ் அணைந்துகொள்கிறது. ஆனால் அணைவதற்கு முன்னால் அந்த அரை நொடி இருக்கிறதே! விசிறி அரை நொடி சுழன்றது என்பதற்காக மின்சாரமும் அரை நொடி பாய்ந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் கண நேரத்திலேயே வெட்டியிருக்கக்கூடும், அதன் பிறகு விசிறி வெறும் வேகத்தில் சுற்றியிருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

பிராசசரின் ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. நல்ல பிராசசரிலேயே அந்தத் தடை மிகக் குறைவுதான். செத்ததும் பிழைத்ததும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

ஜூன் 13

சிப் அளவில் பழுது பார்ப்பவரிடம் பலகையை ஒப்படைத்தேன். சோக்குகள் எல்லாம் ஒரே வெளியீட்டில் கூடுவதால் எந்த மாஸ்ஃபெட் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஒவ்வொரு சோக்காகக் கழற்றி அளக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் அவர் மேல் நம்பிக்கை வந்தது. புதுப் பலகையே மலிவாக முடியுமே என்று அவர் சொல்லவில்லை.

பலகை தேறினால் முதலில் தம்மிடமுள்ள வேறொரு பிராசசரைப் பொருத்திச் சோதிப்பேன் என்றார். அதுவே முறை, இன்னொரு மாஸ்ஃபெட்டும் பலவீனமாக இருந்தால் நம்முடையதை அதற்குப் பலி கொடுக்க முடியாது. ஆனால் அந்நியப் பிராசசரைக் கண்டதும் பயாஸ் கேட்கும்: டிபிஎம் பதிவு பொருந்தவில்லை, அழித்துப் புதிதாகத் தொடங்கவா? 'ஒய்' விசையை அழுத்தினால் அழியும், 'என்' விசையை அழுத்தினால் பழையது அப்படியே இருக்கும். பழுது பார்க்கிறவர்கள் பழக்கத்தில் 'ஒய்' அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவரிடம் இருமுறை சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிப் பலகையின் உறை மேலும் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 14

அந்தக் காகிதம் உறையின் மேல்தான் இருக்கிறது. உறையைப் பிரித்த பிறகு அதை யார் பார்ப்பார்கள்?

ஜூன் 16

அதே எண்ணுள்ள மாஸ்ஃபெட், கழிக்கப்பட்ட ஒரு பலகையிலிருந்து கிடைத்திருக்கிறதாம். அதன் இணையையும் சேர்த்தே மாற்றப்போகிறார்.

ஜூன் 18

மாலையில் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பிராசசருடன் பலகை நின்று ஓடுகிறது, 1.1 வோல்ட் சீராக வருகிறது. ஒரு மணி நேரம் ஓட்டியும் சூடு ஏறவில்லை. திரை அந்தக் கேள்வியைக் கேட்டதாம். 'என்' அழுத்தியதாகச் சொன்னார். நான் உடனே ஒன்றும் பேசாததால், "எழுதித்தானே கொடுத்தீர்கள்" என்றார்.

நாளை காலை பிராசசரையும் எஸ்எஸ்டியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.