அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் தேடியபோது

அம்மாவுக்கு முதுமை மறதிநோய் என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு இரண்டு ஆண்டுகள், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் மூவறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நானும் என் கணவரும் மாறி மாறி அவரைக் கவனித்துக்கொண்டோம். குளிக்க வைப்பதுதான் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் காலை, குளியலறைக் கதவின் நிலையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, "என்னை ஏன் அடிக்கிறீங்க?" என்று அவர் அழுதார். அன்றுதான் வெளியாரின் உதவியை நாடுவது என்று முடிவு செய்தேன்.

வெளிநாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்தினால் அரசாங்கத்துக்குச் செலுத்தும் மாதத் தீர்வை, முதியவர் இருக்கும் வீட்டுக்கு 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான் என்று என் கணவர் விசாரித்து வந்தார். ஆனால், வீட்டில் இன்னொருவர் தங்க இடமில்லை. முதியோர் பராமரிப்புச் சேவைகளை ஏற்பாடு செய்துதரும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைத் தொடர்புகொண்டபோது, வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, உடைமாற்றி, மருந்தை நினைவூட்டிச் செல்லும் சேவை உண்டு என்றும், குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து அரசாங்கம் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கும் என்றும் விளக்கினார்கள். வீட்டுப் பராமரிப்பு மானியத்தைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய அந்த மானியம், நாங்கள் விண்ணப்பித்த 2023இல் அதிகபட்சம் 400 வெள்ளியாக உயர்ந்திருந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை செல்வது, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் பிறர் துணை தேவைப்பட்டால்தான் அது கிடைக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க மதிப்பீட்டாளர் வந்த அன்று அம்மா வேறு ஆளாக இருந்தார். "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று உபசரித்து, சமையல் முதல் குளியல் வரை எல்லாவற்றையும் தானே செய்வதாகத் தெளிவாகச் சொன்னார். விருந்தாளியைக் கண்டால் பழைய மிடுக்கு திரும்பிவிடுவது இந்நோயில் வழக்கம். அம்மாவின் முன்னிலையில் மறுத்துப் பேசி அவரைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தாதியாக வேலை செய்யும் என் சின்னம்மா மகள் முன்பே சொல்லியிருந்தபடி, அம்மாவுக்கு எதற்கெல்லாம் துணை தேவைப்பட்டது என்று இரண்டு வாரங்களாக எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு, மதிப்பீட்டாளர் ஒரு சட்டையைக் கொடுத்துப் பித்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார். அம்மா அதை அழகாக மடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

மானியம் கிடைத்தது. ஆனால் முதலில் வந்த பராமரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஷவரைத் திறந்தார், அம்மா அலறினார். மூன்றாம் முறையோடு அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், தவறு என்னுடையதும்தான். வயது, நோய், மருந்து ஆகியவற்றைத் தவிர அம்மாவைப் பற்றி நான் எதையுமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அடுத்தவருக்காக ஒரு பக்கம் எழுதினேன்: அம்மா மலேசியாவின் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர், வாளியில் மொண்டு குளித்துப் பழகியவர், தலைக்கு மேலிருந்து விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் மிரள்கிறார், இடது காது சரியாகக் கேட்காது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. மியன்மாரைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார்.

அவர் அந்தப் பக்கத்தை நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டு, வாளி இருக்கிறதா என்று கேட்டார். வெந்நீரை விளாவி, அம்மாவின் வலப்பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, முதலில் பாதத்தை மட்டும் நனைத்தார். சிறிது நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு செம்பை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அம்மா தம் முழங்காலில் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டார், தோளில் இன்னொன்று. மூன்றாவதை அந்தப் பெண்ணின் கைகள் மீது ஊற்றி, சோப்பு நுரை போகும்வரை தேய்த்துக் கழுவிவிட்டார்.