லெனின்கிராட் மாகாணத்தில் பிறந்த பாட்டி

என் மனைவியின் பாட்டி 1934இல் ஒரு மரவீட்டில் பிறந்து, அதே வீட்டில் 87 ஆண்டுகள் வாழ்ந்து, 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அங்கேயே மறைந்தார். வடமேற்கு ரஷ்யாவின் வோலக்தா மாகாணத்தில், கிரில்லொவ் மாவட்டத்தின் சிறு கிராமம் ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. அதையும் அதைச் சூழ்ந்த பதினைந்து சோத்கா நிலத்தையும் (1,500 சதுர மீட்டர், ஏறத்தாழ 37 சென்ட்) மனைவியின் பெயருக்கு மாற்ற நாங்கள் நோட்டரியிடம் சென்ற முதல் நாளே, அவருடைய உதவியாளர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பாட்டி லெனின்கிராடிலிருந்து இங்கே குடிவந்தவரா?" என்று கேட்டார். பாட்டி லெனின்கிராட் நகரைப் பார்த்தது கூட இல்லை. ஆனால் சான்றிதழில் "லெனின்கிராட் மாகாணம், கிரில்லொவ் மாவட்டம்" என்றுதான் எழுதியிருந்தது.

அடுத்து வந்த ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்கும் இந்தக் கேள்விதான் திறவுகோல் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. புரட்சிக்கு முன்பு கிரில்லொவ், நோவ்கொரத் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு வட்டமாக இருந்தது. 1918இல் செரெப்போவெத்ஸ் மாகாணத்துக்கு மாறியது. 1927 ஆகஸ்டு 1 அன்று, புதிதாக உருவான லெனின்கிராட் மாகாணத்துக்குள் இன்றைய பொருளிலான மாவட்டம் ஆனது. 1937 செப்டம்பரில் வோலக்தா மாகாணம் தோன்றியபோது அதனுடன் சேர்ந்தது. பாட்டியின் தாயார் 1905இல் பிறந்தவர் என்பதால், அவருடைய காகிதங்களில் நோவ்கொரத் என்று இருக்கும். ஒரே அடுப்பங்கரையில் வளர்ந்த தாயும் மகளும் காகிதத்தில் இரு வேறு மாகாணத்தார்.

ரஷ்யச் சட்டப்படி, ஒருவர் இறந்த ஆறு மாதத்துக்குள் வாரிசு நோட்டரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதை 2022 ஜனவரியிலேயே செய்து முடித்தோம். மனைவியின் தாயார் முன்னரே காலமாகிவிட்டதால், அவருடைய இடத்தில் பேத்தி வாரிசானார். உறவை நிரூபிப்பது கடினமாக இருக்கவில்லை. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் நகல்கள் குடிசார் பதிவகத்திலிருந்து சில வாரங்களில் வந்துவிட்டன. பாட்டியின் குடும்பப் பெயரில் உள்ள ஒரு எழுத்தை ஒரு காகிதத்தில் "யோ" என்றும் மற்றொன்றில் "யெ" என்றும் எழுதியிருந்ததால் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ரஷ்யர்கள் அன்றாட எழுத்தில் "யோ"வின் தலையிலுள்ள இரு புள்ளிகளை விட்டுவிடுவது வழக்கம். சொத்து விவகாரம் என்று வரும்போதுதான் அந்தப் புள்ளிகளின் விலை தெரிகிறது.

உண்மையான தொல்லை நிலத்தில்தான் இருந்தது. பாட்டியிடம் 1992ஆம் ஆண்டின் நிலவுரிமைச் சான்று ஒன்று இருந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, கூட்டுப்பண்ணைக் கிராமங்களில் வீட்டைச் சூழ்ந்த தோட்ட நிலம் குடியிருந்தவர்களுக்கே உரிமையாக வழங்கப்பட்டபோது, கிராம சோவியத்தின் (கிராம மன்றத்தின்) தலைவர் கையொப்பமிட்டு வட்ட முத்திரை குத்திக் கொடுத்த ஒற்றைத் தாள் அது. அத்தகைய பழைய சான்றுகளுக்கு இன்றும் சட்ட வலிமை உண்டு. ஆனால் அதில் வரைபடம் இல்லை, எல்லை அளவு இல்லை, நிலப் பதிவு எண் இல்லை. ஊரின் பெயரும் கிராம சோவியத்தின் பெயரும் "0.15 ஹெக்டேர்" என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன. வோலக்தா மாகாணத்தில் சுமார் எட்டாயிரம் சிற்றூர்கள் உள்ளன. அவற்றில் பல, ஓரிரு வீடுகளில் மட்டும் ஆள் இருப்பவை, ஆளே இல்லாதவையும் உண்டு. ஒரே பெயர் பல ஊர்களுக்கு இருப்பதால், எந்த ஊர் என்று பிரித்தறிய உதவுவது கிராம சோவியத்தின் பெயர்தான்.

அந்தப் பெயருக்கோ இப்போது அலுவலகம் இல்லை. 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி, 2006இல் கிராம சோவியத்துகளின் இடத்தில் "ஊரகக் குடியிருப்பு" எனப்படும் உள்ளாட்சிகள் வந்தன. 2022இல் அவையும் கலைக்கப்பட்டு, மாவட்டம் முழுவதும் கிரில்லொவ் நகராட்சி வட்டம் என்ற ஒரே உள்ளாட்சியாக ஆனது. வேடிக்கை என்னவென்றால், மாகாணத்தின் நிர்வாகப் பிரிவு என்ற அளவில் மாவட்டமும் கிராம சோவியத்தும் இன்னும் காகிதத்தில் உயிரோடு இருக்கின்றன. அரசின் முகவரிப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு: நிர்வாகப் பிரிவின்படி ஒன்று, உள்ளாட்சிப் பிரிவின்படி மற்றொன்று. நாங்கள் விண்ணப்பத்தில் ஒன்றை எழுதினோம், கணினி மற்றொன்றைக் கேட்டது. ஓர் அலுவலகத்தில் "அப்படி ஒரு முகவரியே இல்லை" என்று சொல்லி எங்கள் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2022 தொடக்கத்தில் பெற்றிருந்த ஒரு சான்றில் இருந்த ஊரகக் குடியிருப்பின் முத்திரை, அடுத்த ஆண்டு நாங்கள் அதைப் பயன்படுத்தப் போனபோது செல்லாக்காசாகிவிட்டது.

ஆகவே 2023 மார்ச்சில் நாங்களே கிரில்லொவுக்குப் புறப்பட்டோம். அந்த நகருக்கு ரயில் கிடையாது. மாகாணத் தலைநகர் வோலக்தாவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். இந்த மாவட்டத்தின் அமைப்பை வழியில் பார்த்தால்தான் புரியும். மேற்கே ஷெக்ஸ்னா ஆற்றின் நீர் வோல்கா வழியாக ஓடிக் காஸ்பியன் கடலில் முடிகிறது. கிழக்கே குபென்ஸ்கொயே ஏரியின் நீர் சுகோனா வழியாக வடக்கு த்வினாவில் சேர்ந்து வெண்கடலுக்குப் போகிறது. வடகிழக்கே வோழே ஏரியின் நீர் ஒனேகா ஆற்றில் கலந்து அதே வெண்கடலை வேறு வழியில் அடைகிறது. இந்த நீர்ப்பிரி மேட்டை ஊடறுத்து 1828இல் ஒரு கால்வாய் வெட்டி ஷெக்ஸ்னாவையும் குபென்ஸ்கொயேவையும் இணைத்தார்கள். கிரில்லொவ் நகரின் கரையைத் தொடும் சிவெர்ஸ்கொயே ஏரி அந்த வழியில்தான் உள்ளது. 1397இல் நிறுவப்பட்ட மடத்தின் பெரும் மதில் அந்த ஏரியைப் பார்த்து நிற்கிறது. மடத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்புக்கு 1776இல் நகரத் தகுதி கிடைத்தது. எங்கள் ஊருக்குப் போகும் சாலையில்தான் ஃபெரபோன்தொவோ இருக்கிறது. அங்குள்ள கோயிலில் 1502இல் தியோனீசி தீட்டிய சுவரோவியங்களைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் இரண்டு முறை அதைக் கடந்து போயும் உள்ளே நுழைய நேரமில்லாமல் போனது.

கிரில்லொவில் எங்களுக்கு வேண்டியிருந்தது "வீட்டுப் புத்தகம்". ஒவ்வொரு கிராம சோவியத்தும் தன் எல்லைக்குள் இருந்த குடும்பங்களை வீடுவாரியாகப் பதிந்துவைத்த பேரேடு அது. ஊழியர் கொண்டுவந்த தடித்த புத்தகம் 1991இல் தொடங்கியது. அட்டையின் முதுகில் துணி ஒட்டியிருந்தது. மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து நாங்கள் தலைகீழாகவே படித்தோம். குடும்பத் தலைவராகப் பாட்டியின் பெயர், பிறந்த ஆண்டு, வீடு கட்டிய ஆண்டு, நிலம் 0.15, அதற்குக் கீழே பசு ஒன்று, செம்மறி மூன்று. அடுத்த ஆண்டுக்கான கட்டத்தில் பசுவின் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. மனைவி அந்தக் கோட்டின் மீது விரலை வைத்து, "மால்யா செத்துப்போன வருஷம்" என்றார். ஊழியர் அதைக் கண்டுகொள்ளாமல் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார்.

இந்தப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல்தான் எங்களைக் காப்பாற்றியது. வீட்டுப் புத்தகத்தின் பதிவை நிலவுரிமைக்கு ஆதாரமாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதோடு கூட, முன்னாள் கிராம சோவியத்தின் இந்த ஊரும் இப்போதைய நகராட்சி வட்டத்தின் இந்த ஊரும் ஒன்றே என்று ஒரு தனிக் கடிதத்தையும் கேட்டு வாங்கினோம். யாரும் எங்களிடம் கேட்காத காகிதம் அது. ஆனால் பிறகு மூன்று இடங்களில் அதைத்தான் முதலில் நீட்டினோம்.

பனி உருகும்வரை நிலத்தை அளக்க முடியாது என்பதால், நில அளவையாளர் மே மாதத்தில்தான் வந்தார். எல்லை ஒப்புதல் தாளில் பக்கத்து வீட்டுக்காரர் கையொப்பமிட வேண்டும். அவரோ செரெப்போவெத்ஸில் வசித்து, கோடையில் மட்டும் வருபவர். ஜூனில் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க வந்தவர், வேலிக்கு அருகே தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் நோட்டரியின் வாரிசுரிமைச் சான்று, பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பம், சில வாரக் காத்திருப்பு என்று மீதி வேலை தடையின்றி நடந்தது.

ஜூலை இறுதியில் வந்த பதிவுச் சான்றில் நிலத்துக்கு ஒரு எண் இருந்தது. அதன் தொடக்கத்திலுள்ள 35 வோலக்தா மாகாணத்தைக் குறிக்கும். முகவரி வரியில் நகராட்சி வட்டமும் ஊரும் மட்டும் இருந்தன. கிராம சோவியத்து இல்லை. மனைவி 1992ஆம் ஆண்டுத் தாளையும், பிறப்புச் சான்றிதழையும், யாரும் கேட்காத அந்தக் கடிதத்தையும் புதிய சான்றுடன் ஒரே கோப்பில் வைத்து, அட்டையின் மீது ஊரின் பெயரை மட்டும் எழுதினார்.