பெரியப்பாவோட கடைசி 36 படம்

அம்பாசமுத்திரத்துல எங்க பெரியப்பா வீட்டு பூஜை செல்ஃபுல, நெல்லையப்பர் காந்திமதி படத்துக்குக் கீழ, ஒரு பிலிம் ரோல் உக்காந்திருக்கும். வாரவுக எல்லாரும் என்னதுன்னு கேப்பாவ, பெரியப்பா பதில் சொல்ல மாட்டாரு, அதான் நான் சொல்லுதேன்.

பெரியப்பா கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாத்தவரு. லீவுக்கு வரும்போது மத்தவங்க சென்ட்டு பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டாந்தா இவரு கோடாக்ரோம் கொண்டாருவாரு, ஸ்லைடு பிலிம். ராத்திரி முத்தத்துல எட்டு முழ வேட்டியக் கட்டித் தொங்கவிட்டு புரொஜெக்டர் போட்டா தெருவே வந்து உக்காரும். காத்தடிச்சு வேட்டி ஆடுனா அதுல இருக்க அத்தை மூஞ்சி ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் போவும், நாங்க கெக்கேபிக்கேன்னு சிரிப்போம், நெசமான அத்தை பின்னாடி இருந்து முதுகுல ஒண்ணு வைப்பாவ. ஆனா அந்தக் கலரு இருக்கே, அத்தையோட அரக்குச் சேலையும் பின்னாடி வயக்காட்டுப் பச்சையும், வேட்டியத் தொட்டா கையில ஒட்டிக்கிடும் போல இருக்கும்.

ஒரே சிக்கல், மனுஷன் மகா கஞ்சம். 1935ல இந்த பிலிம் வரக் காரணமா இருந்த மேனஸும் கோடாவ்ஸ்கியும் சங்கீதக்காரங்களாம், ஒருத்தரு பியானோ ஒருத்தரு வயலின். அத எங்கயோ படிச்சுட்டு, "வித்வான் செஞ்ச பிலிம்டே, கண்ட மூதியையும் இதுல எடுக்கக்கூடாது"ம்பாரு. கல்யாண வீட்டுல கேட்டா இது 64 ஸ்பீடு பிலிமு, நல்ல வெளிச்சம் வேணும், இங்க பத்தாது, கத்திரி வெயில்ல கேட்டா வெளிச்சம் கூடிப்போச்சு, குத்தாலத்துல கேட்டா சாரல். எனக்குக் காது குத்துனப்போ ஒரு படம் கெடையாது, எங்க வீட்டு எருமை கன்னு போட்டதுக்கு ரெண்டு இருக்கு.

இதக் கழுவுறது வேற பெரும்பாடு. மத்த கலர் பிலிம் மாதிரி கலருக்கு உண்டான மருந்து பிலிமுக்குள்ளயே இருக்காது, கழுவும்போதுதான் ஒவ்வொரு கலரா ஏத்தணும், அதுக்குன்னே தனி மெஷினு தனி கெமிக்கலு. மத்ததெல்லாம் சாதா லேப்லயே கழுவலாம்னு ஆனதும் இத யாரு தேடிப் போவா, அப்புறம் டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் முடிச்சு வச்சுது. 2009 ஜூன்ல கோடாக் கம்பெனிக்காரங்க இந்த பிலிமையே நிறுத்துதோம்னு சொன்ன அன்னைக்கு பெரியப்பா துட்டி வீட்டுல உக்காந்த மாதிரி திண்ணையில உக்காந்துட்டாரு, காப்பி ஆறி ஆடை கட்டிப் போச்சு.

கேமராவுக்குள்ள ரோல் ஒண்ணு பாதியில கெடந்தது, 36ல 24 எடுத்தாச்சு. இதக் கழுவுற லேப்புன்னு உலகத்துலயே மிச்சமிருந்தது அமெரிக்காவுல கன்சாஸ் மாகாணத்துல பார்சன்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல டுவைன்ஸ் ஃபோட்டோ, அவங்களும் 2010 டிசம்பர் 30க்குள்ள வந்து சேந்தாதான் கழுவுவோம்னுட்டாங்க. ஒன்றரை வருஷம் இருக்கு, 12 படம், வேற ஆளா இருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சிருப்பான். இவரு தெரிஞ்சுக்கிட்ட விஷயம் என்னன்னா, பச்சைக்கண்ணு ஆப்கான் பொண்ண எடுத்த ஸ்டீவ் மெக்கரிக்குத்தான் தயாரிப்புல வந்த கடைசி ரோலக் குடுத்தாங்க, அவரு அதுல நம்ம நாட்டுக்கும் வந்து எடுத்தாரு. "அவருக்கும் 36, எனக்கும் 36டே." பெறவு எங்க முடியும்?

2010 ஆனித் தேருக்கு ரத வீதியில மூணு மணி நேரம் நின்னு ஒரே ஒரு படம், அதுலயும் கிளிக் பண்ற நேரத்துல முன்னாடி எவனோ புள்ளையத் தோள்ல தூக்கிட்டான். டிசம்பர் பொறந்தப்போ ஒம்போது பாக்கி. பெறவுதான் வெறி வந்து ஒரே காலையில பெரியம்மா, முருங்கை மரம், பக்கத்து வீட்டு மொபெட்டுன்னு தள்ளுனாரு, கடைசிப் படம் கேஸ் சிலிண்டர் கொண்டாந்த பையன். "அந்தச் செவப்பு கோடாக்ரோமுக்குன்னே அடிச்ச பெயிண்டுலே."

ரோலச் சுத்தி டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜுல வச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு ஸ்பீட் போஸ்ட்டுல டாலஸ்ல இருக்க எங்க அத்தானுக்குப் போச்சு, அவரு பணம் கட்டி அவரு பேருலயே லேப்புக்கு அனுப்பி வச்சாரு. வழியில யாரும் டப்பாவத் தொறக்கவே கூடாது, வெளிச்சம் பட்டா போச்சுன்னு பெரியப்பா மேல நாலு சுத்து டேப்பு வேற ஒட்டியிருந்தாரு.

பொங்கலன்னைக்குக் காலையில நான் கால்ல விழுந்து எந்திரிச்சேன், பெரியம்மா துன்னூறு பூச பூஜை செல்ஃபுல இருந்த டப்பாவத் தொறந்தாவ. உள்ள இருந்து 'டொக்'குனு ரோல் விழுந்துச்சு.

யாரும் பேசல. பெரியம்மாதான் மெதுவா, "ஃபிரிட்ஜு தொடைச்சப்போ எல்லா டப்பாவையும் எடுத்து இங்கன வச்சேன்... ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு"ன்னாவ.

அத்தானுக்குப் போன் போட்டோம், அங்க ராத்திரி.

"மாப்ளே, அனுப்புனது பிலிம் இல்ல, துன்னூறு."

செத்த நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அத்தான் அழுவாத குறையா, "மாமா, 2001ல இங்க தபால்ல ஆந்த்ராக்ஸ்னு கிருமிப் பொடி வந்து ஆளு செத்திருக்கு. டேப்பு சுத்துன டப்பாவுல வெள்ளைப் பொடி, அனுப்புனவன் பேரு என் பேரு, என் விசா என்னத்துக்கு ஆவும்?"

பெரியப்பா அதுக்குச் சொன்ன ஆறுதல்: "பயப்படாதீரும், கோயில் துன்னூறுதான்."

ஒரு மாசம் தெருவுல ஜீப்பு சத்தம் கேட்டா பெரியப்பா தொழுவத்துப் பக்கம் போயிருவாரு. ஒருத்தரும் வரல, லெட்டரும் வரல. பார்சன்ஸ்ல எவராவது நெத்தியில பூசிக்கிட்டாவளோ என்னவோ.

போன வருஷம் ஃபோட்டோ பைத்தியம் புடிச்ச ஒரு பய வந்து, இத இப்பவும் கருப்பு வெள்ளையாக் கழுவலாம் தாத்தா, குடுங்கன்னான். பெரியப்பா அவன மேலயும் கீழயும் பாத்தாரு.

"கேஸ் சிலிண்டரக் கருப்பு வெள்ளையிலயால பாக்கச் சொல்லுத?"

ரோலு திரும்ப செல்ஃபுக்கே போயிட்டு. ஆயுத பூஜைக்கு பெரியம்மா அதுக்கும் ஒரு பொட்டு வச்சு விடுதாவ.