போஸ் தாத்தாவும் போசானும்

"அம்மா, போசான்னா நம்ம போஸ் தாத்தா பேரா?"

கைபேசியில் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகள் பற்றி வாசித்துக்கொண்டிருந்த மகள் இன்று காலை கேட்டாள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த போஸ் தாத்தா, என் பெரியப்பா, நிமிர்ந்து பார்த்தார்.

அது சத்யேந்திரநாத் போஸின் பெயர்.

1924இல் டாக்காவில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், முன்பின் பழகாத ஐன்ஸ்டைனுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளிவரச் செய்தார். அப்போது போஸுக்கு முப்பது வயது. எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும். பிறகு இயற்பியலாளர் டிராக், துகள்களில் ஒரு வகைக்கே அவர் பெயரை வைத்தார்.

கல்லூரியில் சத்யேந்திரநாத்துக்குப் பாடம் எடுத்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். நம் அரசியலமைப்பின் மூலப்பிரதியை மாணவர்களோடு சித்திரங்களால் அலங்கரித்தவர் நந்தலால் போஸ்.

வங்காளத்தில் போஸ் என்பது குடும்பப் பெயர். அவர்கள் வாயில் 'போஷு'.

நம்மிடம் அது ஒரே ஒருவர் வழியாக வந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சந்திரபோஸ், சுபாஷ், போஸ் என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர், பிள்ளையின் சொந்தப் பெயரானது.

பெரியப்பா பிறந்தது 1946.

மகள் காட்டிய படத்தில் கண்ணாடி போட்ட சத்யேந்திரநாத். பெரியப்பா வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா மிலிட்டரி உடுப்புல இருக்கவரைத்தான் காட்டுவாரு. இவரையும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடு, ஆத்தா."