அசை போடாத ஆடு

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள், ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கேப்டவுன் வரைக்கும் போனாள் என்று எங்கள் ஊரில் சிரிப்பார்கள். உண்மையில் நான் பார்த்தது வைத்தியமும் இல்லை. எந்தக் குறையும் இல்லாத செம்மறியின் இதயத்துக்குள், அதற்குத் தேவையே இல்லாத ஒரு வால்வைக் குழாய் வழியாகப் பொருத்துவார்கள். அதற்கு உதவுவதும், அப்புறம் 20 வாரம் அந்த ஆட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. 20 வாரம் முடிந்ததும் ஆட்டைக் கொன்று இதயத்தை எடுத்துவிடுவோம். ரைலண்ட்ஸில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா சுத்த சைவம். இந்தக் கடைசி வரியை அவரிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

வால்வு என்றால் கையில் அடங்குகிற சின்னப் பொருள்தான். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையைக் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, மூன்று இதழ்களாக வெட்டி, உலோக வலைக்குள் தைத்திருப்பார்கள். அதைக் குடையை மடக்குவதுபோல் பலூனின் மேல் மடக்கி, 18 பிரெஞ்ச் குழாய்க்குள், அதாவது 6 மில்லிமீட்டருக்குள், நுழைக்க வேண்டும். ஆட்டின் இதயத்தை அந்த நேரத்தில் பேஸ்மேக்கரால் நிமிடத்துக்கு 180, 200 துடிப்பு என்று விரட்டுவோம். அந்த வேகத்தில் இதயம் படபடக்குமே தவிர ரத்தத்தை வெளியே தள்ளாது. அந்தச் சில நொடிகளுக்குள் பலூனை ஊதி, வால்வை விரித்து, பலூனை வெளியே இழுத்துவிட வேண்டும். திரையைப் பார்க்கும் யாரும் அப்போது மூச்சு விடுவதில்லை. லோட்ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிப்போம். ஜெனரேட்டர் இருந்தாலும் எக்ஸ்ரே இயந்திரம் மறுபடி விழித்துக்கொள்ளும் வரை ஆடு காத்திருக்காது.

என் பாடு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அசை போடும் பிராணியை மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்தால் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிவிடும். அதனால் முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும், மயங்கியதும் வயிற்றுக்குள் குழாய் விட்டு வாயுவை இறக்க வேண்டும். இதய நிபுணர்கள் அலை அலையாக ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இடது விலாவுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குத் துணை ஒரு டர்பன்காரர். மயக்க மருந்துப் பக்கத்து உதவியாளர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ் தேய்ந்துபோய், சாப்பாடு, சாமி, உறவுமுறை ஆகிய மூன்றிலும்தான் மிச்சம் இருந்தது. முதல் நாளே என்னைத் தங்கச்சி என்றார், நானும் அண்ணா என்றேன். ஹாமில்டன் நாக்கியைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டவேலைக்குச் சேர்ந்த நாக்கி, மயக்கம் கொடுத்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ளப் போய், அப்படியே ஆய்வுக்கூடத்தில் தங்கி, பிராணிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்குத் தேர்ந்தவர். இளம் டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1967ல் பர்னார்ட் செய்த முதல் இதய மாற்று சிகிச்சையில் நாக்கியும் கை வைத்தார் என்று ஒரு கதை பரவி, பின்னால் அது பொய் என்று பத்திரிகைகளே திருத்தின. அண்ணாவுக்கு அந்தக் கதையின் மேல் கோபம். "செஞ்சதே போதாதா, செய்யாததையும் எதுக்குச் சேர்க்கணும்?" என்பார்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளர்கள் செம்மறியைப் பற்றிக் குறைப்படாமல் போனதில்லை. 1989ல் டென்மார்க்கில் ஆண்டர்சன் என்ற டாக்டர் கசாப்புக் கடையில் பன்றி இதயங்களை வாங்கி வந்து, கம்பியை வளைத்து, தானே செய்த வால்வைப் பன்றிக்குள் விரித்துப் பார்த்தார். 2002ல் பிரான்சில் கிரிபியே மனிதருக்கு வைத்தார். அதிலிருந்து இந்த வால்வுகள் எல்லாம் பெரும்பாலும் வயதானவர்களை மனதில் வைத்தே உருவானவை. முதியவரின் வால்வில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கும். புது வால்வின் வலை அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆட்டின் வால்வோ பட்டுத்துணி மாதிரி. எங்கள் முதல் ஆடுகளில் ஒன்றில், விரித்த வால்வு இரண்டு துடிப்பு நின்றது, மூன்றாவதில் வழுக்கி மகாதமனிக்குள் போய்விட்டது. "தப்பான பிராணி" என்றார் ஒருவர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவில் வால்வு கெட்டுப்போய் வருகிறவர்களில் பலர் இளைஞர்கள். சிறு வயதில் தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல், அதன் தழும்பு. இருபது வயதுப் பெண்ணின் வால்வு தடித்துச் சுருங்கி ஒழுகும். ஆனால் வலை பிடித்துக்கொள்ள அதில் கல் இருக்காது. உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தில் அதெல்லாம் எப்படி நடக்கும்? அந்தப் பெண்ணுக்காக ஒரு வால்வு செய்வதென்றால், கல் இல்லாத இடத்திலும் அது வழுக்காமல் நிற்க வேண்டும். செம்மறி கேட்டதும் அதைத்தான்.

இன்னொன்று, குட்டிப் பருவம் தாண்டாத ஆட்டின் உடம்பில் வால்வின் மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். மனிதரில் பல வருடம் எடுத்துக்கொள்ளும் கோளாறு அதில் 20 வாரத்துக்குள் தலைகாட்டும். வால்வை இயந்திரத்தில் வைத்து 20 கோடி முறை திறந்து மூடியும் சோதிப்பார்கள். மனித இதயத்துக்கு அது சுமார் ஐந்து வருட வேலை. ஆனால் இயந்திரத்துக்குக் காய்ச்சல் வராது.

42 என்ற ஆட்டுக்கு நோய் வந்தது. காதில் மாட்டிய எண் அது. பெட்டை, ஒன்பதாவது வாரம். தினமும் என் தாளில் வெப்பம், எடை, தீனி எல்லாம் எழுதுவேன். 39.6 இருந்தது. ஆட்டுக்கு அது காய்ச்சல் என்று சொல்லிவிட முடியாது. தீனியும் குறைந்தபாடில்லை. அண்ணா பட்டியைக் கடந்து போகும்போது நின்றார். "தங்கச்சி, இவ முகம் சரியில்ல."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணா," என்று தாளைக் காட்டினேன்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நான்காம் நாள் சும்மா நின்று பார்த்தேன். மற்ற ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. 42 சுவரைப் பார்த்து நின்றது. காது தொங்கியிருந்தது. கிட்டப் போனபோது பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. மற்ற விலங்குக்கு இரையாகும் பிராணி வலியை வெளியே காட்டாது, காட்டினால் கூட்டத்தில் முதலில் மாட்டுவது அதுதான். கல்லூரியில் நான் படித்த பாடம், எங்கள் ஊர்க் கிடைக்காரர்கள் படிக்காமலே சொல்வது. 2016ல் கேம்பிரிட்ஜில் செம்மறியின் முகத்தை வைத்தே வலியை மதிப்பிட அளவுகோல் போட்டிருக்கிறார்கள். அண்ணா அதைப் படித்தவர் இல்லை.

இதயத்தைத் திறந்தபோது வால்வின் இதழ்களில் பூக்கோசு மாதிரி கிருமிக் கட்டி. கழுத்தில் விட்டுவைத்த ரத்தக்குழாய் ஊசி வழியாகத் தொற்று போயிருக்கலாம். வால்வின் மேல் பழி இல்லை. முதல் நாளே பார்த்திருந்தாலும் அந்த ஆடு பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூன்று நாள் வலியாவது இல்லாமல் போயிருக்கும். என் தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: அசை போட்டதா? இப்போதும் அந்தத் தாளில் எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். கூட இருந்த 43 இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. தனியாக நிற்கவைத்தால் செம்மறி தாங்காது. வேறொரு ஆட்டை அருகே விட்டோம்.

அந்த வாரம் அண்ணாவிடம் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கோயிலில் கிடா வெட்டும் முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு, உதறும்வரை கத்தி காத்திருக்கும். தன் ஆயா வீட்டிலும் அதே பழக்கம் என்றார். எங்களுக்கு உத்தரவு கொடுப்பது நெறிமுறைக் குழு. ஏன் ஆடு, ஏன் இத்தனை ஆடு, வலிக்கு என்ன மருந்து என்று பக்கம் பக்கமாகக் கேட்கிற விண்ணப்பம். அதில் ஆட்டின் கையெழுத்துக்கு இடமில்லை.

20 வாரம் முடிந்த நாளில் 43ஐக் கொண்டுவந்தோம். எக்கோ பார்ப்பதற்காக மயிரைக் கத்தரித்துவிட்டு, மார்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். அது தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது. எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீர். அண்ணா என்னைப் பார்த்தார். நான் துடைக்கத் துண்டைத் தேடினேன்.