எழுந்து நின்றால் கண் இருட்டிய மாதங்கள்

எனக்கு 38 வயதிலிருந்து பிரஷர். டெல்மிசார்டனும், உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரு மாத்திரை காலையில், அம்லோடிபின் 5 ராத்திரியில். எடை 118 கிலோ. மூட்டுவலியால் வகுப்பில் நிற்கவே முடியாமல் போன பிறகு, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி நீளவாக்கில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். தையல் வலி, வாயு வலி எல்லாம் சீக்கிரமே அடங்கிவிட்டன. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருமே, அதை எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கி பாத்ரூம் வாசல் வரை போவதற்குள் காது அடைக்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும், பிடரியில் குப்பென்று வியர்க்கும். சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "சாப்பாடே இறங்காத உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் உட்கார வைத்து பிரஷர் பார்த்தார்கள். 114/76. நார்மல் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று ஒரே வரி. நானும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வழி காட்டியவர் வேறொரு பொது மருத்துவர். போனில் நான் சொன்னதைக் கேட்டதும், "நின்னு பார்த்தீங்களாம்மா?" என்றார். எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம் அசையாமல் படுத்திருந்து ஒரு தடவை. எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை. மூன்றாவது நிமிஷத்தில் இன்னொரு தடவை. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம்.

அன்றைக்கே வீட்டில் பார்த்தோம். கையில் பட்டையைச் சுற்றியதும் நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "பேசாதம்மா, பேசினா ஏறிக் காட்டும்" என்றார் கணவர். கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தார். படுத்திருக்கும்போது 116/74, நாடி 68. நின்று ஒரு நிமிஷத்தில் 92/60. மூன்றாவது நிமிஷம் 86/58, நாடி 104. அதற்குள் எனக்குக் கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு கையில் பென்சிலும் மறு கையில் என் தோளுமாக நின்றார். அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பியதும் டாக்டர் செய்த முதல் காரியம், நீர் மாத்திரை கலந்த அந்த மாத்திரையை நிறுத்தியது. சில நாள் அளவுகளைப் பார்த்துவிட்டு அம்லோடிபினையும் நிறுத்தச் சொன்னார்.

ஏன் இப்படி ஆகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். யாராக இருந்தாலும் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து அதை ஈடுகட்டிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு குடிக்கும் தண்ணீர் குறைகிறது. சாப்பாடு குறைவதால் இன்சுலின் இறங்குகிறது, அது இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. எடை குறையக் குறைய, குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் வேகமும் தணிகிறது. இத்தனைக்கும் மேலே 118 கிலோ உடம்புக்காக எழுதிய மாத்திரை. பிரஷர் குறைவது ஆபரேஷனின் நல்ல பலன்தான். மாத்திரையும் கூடவே குறைய வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம்தான் பெரிய பாடு. கோடை விடுமுறையில் செய்தால் பள்ளிக்கூட லீவு மிச்சம் என்று ஏப்ரல் கடைசியில் நாள் குறித்திருந்தோம், வீட்டுக்கு வந்தபோது தஞ்சாவூரில் கத்திரி வெயில். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். மருத்துவமனையில் கொடுத்தது 30 மில்லி மருந்து மூடி. கணக்கு டீச்சர் இல்லையா, உடனே மனசு போட்டுவிட்டது: 50 மூடி. மடக்கென்று குடித்தால் நெஞ்சில் வந்து அடைக்கும். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தண்ணீர் குடிக்கக் கூடாது. மிஞ்சுகிற நேரத்தில்தான் 50 மூடியும். கால் மணிக்கு ஒரு முறை போனில் அலாரம் வைத்தேன். மோர், பருப்புத் தண்ணீர், தெளிவு ரசம், ஓ.ஆர்.எஸ். என்று மாற்றி மாற்றிக் குடித்தேன். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அடர் மஞ்சளாகப் போன நாட்களில் கிறுகிறுப்பும் கூடியது.

மோரில் உப்பு சேர்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இதை வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது லேசாக இல்லை. "பிரஷர்காரி நீ, ஆபரேஷன் ஆன உடம்பு, பத்தியத்துல உப்பு ஆகவே ஆகாது" என்று மாமியார் மல்லுக்கட்டினார். "அத்தை, நீங்களே டாக்டர்கிட்ட பேசுங்க" என்று போனைக் கையில் கொடுத்த பிறகுதான் உப்பு ஜாடி என் பக்கம் வந்தது. அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டவே கூடாது. எனக்கு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் அளவு சொன்னார்.

எழுந்திருக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். விழித்ததும் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவேன். பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்வேன். அப்புறம்தான் எழுவது. வெந்நீர்க் குளியல் குழாய்களை விரித்துவிடும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், அதுவும் முக்காலியில் உட்கார்ந்து.

ஜூனில் பள்ளி திறந்தபோது காலை வழிபாட்டுக் கூட்டம்தான் பயமாக இருந்தது. வெயிலில் அசையாமல் நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும், நின்றால் அதுவும் இல்லை. கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையையும் பின்புறத்தையும் இறுக்கி, கைகளைக் கோத்து எதிரெதிர்த் திசையில் இழுத்தால் சில விநாடிகளில் பிரஷர் ஏறும். புடவை கட்டியிருப்பதால் வெளியே தெரியாது. இறுக்கமான காலுறையும் சில மாதங்கள் போட்டேன். தஞ்சாவூர்ப் புழுக்கத்தில் அது தண்டனைதான், ஆனாலும் பலன் இருந்தது. தலைமையாசிரியை வகுப்பில் நாற்காலி போட்டுக்கொள்ளச் சொன்னார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் களைப்பும் லேசான தலைசுற்றலும் விடாமல் இருந்ததால் ரத்தம் பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 9.8, பி12-உம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போட வேண்டும், டீயோடு கூடவே கூடாது. அது ஏறிய பிறகு மாடிப்படி லேசானது.

கிறுகிறுப்பில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் கேசரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, உட்கார்ந்த இடத்திலேயே கை நடுங்கி வியர்த்தது. பிரஷர் சரியாக இருந்தது, சர்க்கரை 58. இனிப்பு வேகமாகக் குடலுக்குப் போய், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதால் வருவது இது. இரைப்பை பைபாஸ் என்ற வேறு வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். இதற்கு மோர் உதவாது. அன்றாடச் சாப்பாட்டில் இனிப்பைத் தள்ளி, முட்டை, பயறு, பனீரை முதலில் சாப்பிடப் பழகினேன்.

கிறுகிறுப்பு சில அறிகுறிகளோடு வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனான முதல் வாரங்களில் நாடி 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், காய்ச்சலோ தாங்க முடியாத வயிற்றுவலியோ வந்தால், மலம் கருப்பாகப் போனால், நினைவு தப்பி விழுந்தால் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய்விடுங்கள். நாள்கணக்கில் வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது எல்லாம் தயமின் என்கிற வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் ஆபத்து, தயமின் ஊசி முதலில் போக வேண்டும். எங்கே போனாலும் ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள்.

இப்போது 79 கிலோ. எடை நிலைத்த பிறகு பிரஷர் மெல்ல 140-க்கு வந்ததால் டெல்மிசார்டன் 20 மட்டும் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நீர் மாத்திரை இல்லை. மாதம் ஒருமுறை படுத்தும் நின்றும் பார்த்து எழுதிக்கொண்டு போகிறேன். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே, எந்த பிரஷர் மாத்திரை, எந்த சர்க்கரை மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எண் எவ்வளவுக்கு இறங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.